பள்ளிக்கூடம் மூடியிருந்த 19 மாசம்: ஜவ்வாது மலையில் ஒரு திண்ணை கத்துக்கொடுத்த பாடம்

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி ஒழுங்குபடுத்தியிருக்கிறோம். பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு நம்பர்லேர்ந்து ஆரம்பிக்கிறேன். 307.

2020 அக்டோபர் மாசம். ஜவ்வாது மலையில ஒரு சின்ன ஊர். ஒரு வீட்டுத் திண்ணையில ஏழு வயசுப் பொண்ணு ஒருத்தி சிலேட்டும் பலப்பமும் வெச்சு உக்காந்திருக்கா. நான், "முப்பத்தேழு எழுதும்மா"ன்னு சொல்றேன். அவ யோசிக்கவே இல்ல. டக்குனு எழுதிக் காட்டுறா. 307.

இதைக் கேட்டுச் சிரிக்காதீங்க. அவ காதால கேட்டதைத்தான் எழுதியிருக்கா. முப்பது, அப்புறம் ஏழு. 30, பக்கத்துல 7. அவ பக்கம் நியாயம் இருக்கு. இதே பொண்ணுகிட்ட, "கடையில 37 ரூபாய்க்கு சாமான் வாங்கிட்டு 50 ரூபா கொடுத்தா மீதி எவ்ளோ?"ன்னு கேட்டா, விரலைக்கூட மடக்காம 13-னு சொல்லிடுவா. அவங்க அம்மாகூட சந்தைக்குப் போய்ப் பழகின பொண்ணு.

கணக்கு தெரியுது, எழுதத் தெரியல. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடத்துலதான் பள்ளிக்கூடம் வேலை செய்யும். அந்தப் பள்ளிக்கூடம் மூடி அப்போ ஏழு மாசம் ஆகியிருந்துச்சு. இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல திறக்காதுன்னு எங்க யாருக்கும் அப்போ தெரியாது.

பள்ளி மூடியிருக்கும்போது சின்னப் பிள்ளைகள், அதாவது அஞ்சு வயசுலேர்ந்து பத்து வயசு வரைக்கும் உள்ளவங்க, வீட்டுல எப்படித் தொடர்ந்து கத்துக்க முடியும்? அதுக்கு எது உதவும், எது உதவாது? இன்னைக்கு இதைத்தான் பேசப் போறோம். ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னும் பார்ப்போம். அதுக்கு முன்னாடி நான் சொதப்பின கதையைச் சொல்லிடறேன்.

நான் எப்படி அங்க போனேன்

எனக்குச் சொந்த ஊர் போளூர், திருவண்ணாமலை மாவட்டம். ஊரடங்குல சென்னை ரூமைக் காலி பண்ணிட்டு, லேப்டாப்போட வீட்டுக்கு வந்துட்டேன். உங்கள்ல பல பேர் அப்படித்தான் வந்திருப்பீங்க. எங்க தெருவுல ஒரு அக்கா மலையில ஆரம்பப் பள்ளி டீச்சர். ஒருநாள் அவங்க, "டேய் தம்பி, சனிக்கிழமை சும்மாதானே இருக்கே, என்கூட மேல வாயேன். பசங்களைப் பார்த்து ரொம்ப நாளாச்சு"ன்னு கூப்பிட்டாங்க. வண்டியை எடுத்துக்கிட்டுப் போனோம். போளூர்லேர்ந்து ஜமுனாமரத்தூருக்கு மலைப்பாதையில சுமார் 40 கிலோமீட்டர். அங்கேர்ந்து உள்ளே இன்னும் கொஞ்சம் போகணும், கடைசித் தூரம் மண்ரோடு.

ஜவ்வாது மலையைப் பத்தித் தெரியாதவங்களுக்குச் சின்ன அறிமுகம். கிழக்குத் தொடர்ச்சி மலையில ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்கள்ல பரவியிருக்கு. இங்க பெரும்பாலும் வாழ்றவங்க மலையாளி பழங்குடி மக்கள். பேரைப் பார்த்துக் கேரளான்னு நினைச்சுக்காதீங்க, மலையை ஆள்றவங்கங்கிற அர்த்தத்துல வந்த பேருன்னு சொல்வாங்க. இவங்க பேசறது தமிழ். சாமை, புளி, தேன், பலா, சீத்தாப்பழம்தான் இந்த மலையோட விளைச்சல்.

இந்த மலையிலதான் காவலூர் வானியல் ஆய்வு மையம் இருக்கு. 1986-ல திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கதான் இருக்கு. வெளிச்சம் கம்மி, வானம் தெளிவா இருக்கும்னுதான் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தாங்க. எத்தனையோ ஒளியாண்டு தூரத்துல இருக்கிற நட்சத்திரத்தோட வெளிச்சம் இங்க வந்து சேரும். நாங்க போன ஊருக்குப் போன் சிக்னல் வரல. ஊருக்கு மேல ஒரு பாறை இருக்கு, அதுல ஏறி நின்னா ரெண்டு கோடு காட்டும். பெரிய பசங்க ஆன்லைன் கிளாஸுக்கு அந்தப் பாறைக்குத்தான் போவாங்க. ஏழு வயசுப் பிள்ளையை யாரு பாறை ஏத்துவா?

இன்னொரு விஷயமும் இருக்கு. மலையில நிறையப் பள்ளிகள் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். வனத்துறை நடத்துற பள்ளிகளும் உண்டு. உண்டு உறைவிடப் பள்ளின்னா பிள்ளைங்களுக்குச் சாப்பாடும் தங்குற இடமும் அங்கதான். அதனாலதான் அப்பா அம்மா நிம்மதியா வெளியூர் வேலைக்குப் போக முடியும். அப்படிப்பட்ட பள்ளி மூடினா, படிப்போட சேர்த்து மூணு வேளைச் சோறும் பார்த்துக்கிற ஆளும் ஒரே நாள்ல போயிடுது. நமக்கு "ஸ்கூல் லீவு"ன்னு சொன்னா மனசுல வர்ற படமும், அங்க நடந்ததும் வேற வேற.

டேப்லெட்டோட போன ஹீரோ

முதல் தடவை போயிட்டு வந்ததும் எனக்கு ரத்தம் கொதிச்சுது. ஐடி வேலை பார்க்கிற ஆளு இல்லையா, உடனே தீர்வு கண்டுபிடிச்சுட்டேன். பழைய டேப்லெட் ஒண்ணுல தமிழ் எழுத்துப் பாட்டு, கணக்கு கார்ட்டூன், கதை வீடியோன்னு ஒரு நாற்பது வீடியோ இறக்கினேன். பவர்பேங்க் ரெண்டு வாங்கினேன். அந்தத் திண்ணை வீட்டு ஆயாகிட்ட கொடுத்து, "தினமும் ஒரு மணி நேரம் போட்டு விடுங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன். கீழ இறங்கும்போது என்னமோ பெருசா சாதிச்ச மாதிரி இருந்துச்சு.

ரெண்டு வாரம் கழிச்சுப் போனேன். பிள்ளைங்க வீடியோவை விடாம பார்த்திருந்தாங்க, பாட்டெல்லாம் மனப்பாடம். 'க'வுக்கு என்ன வரும், 'ச'வுக்கு என்ன வரும், எல்லாம் ராகத்தோட சொன்னாங்க. சிலேட்டுல 'ச' எழுதிக் காட்டி, "இது என்ன?"ன்னு கேட்டேன். அமைதி. அந்தப் பாட்டை முதல்லேர்ந்து பாடிக்கிட்டே வந்தாத்தான் 'ச'வுக்கு வந்து சேர முடிஞ்சுது. 37 இன்னும் 307-ஆவே இருந்துச்சு.

ஆயா ஒண்ணும் சொல்லல. டேப்லெட்டைத் துணியில சுத்திப் பத்திரமா எடுத்து வந்து கொடுத்தாங்க. "தம்பி, இது அதுபாட்டுக்குப் பேசுது. புள்ளைங்க தப்பாச் சொன்னா அதுக்குக் காது கேக்கல"ன்னாங்க.

அவ்ளோதான். மீதி எபிசோட் முழுக்க நான் சொல்லப்போறது இந்த ஒரு வரிக்கு விளக்கம்தான்.

சின்னப் பிள்ளைங்க விஷயம் ஏன் வேற?

1937-ல அமெரிக்காவுல சிகாகோ நகரத்துல இளம்பிள்ளைவாதம் பரவினதால பள்ளிகளைத் திறக்கல. அப்போ அவங்க ரேடியோவுல பாடம் நடத்தினாங்க. பாட அட்டவணையை நாளிதழ்கள்ல போட்டாங்க. உலகத்துல பெரிய அளவுல நடந்த முதல் தொலைவழிப் பள்ளிகள்ல அது ஒண்ணு. ஆனா அந்த ரேடியோ பாடம் எந்த வகுப்புலேர்ந்து தெரியுமா? மூணாம் வகுப்புலேர்ந்து எட்டாம் வகுப்பு வரைக்கும். ஒண்ணாவது, ரெண்டாவது பிள்ளைங்க அதுல இல்ல.

காரணம் சுலபமாப் புரியும். படிக்கத் தெரிஞ்ச பிள்ளைகிட்ட புத்தகத்தையோ ரேடியோவையோ கொடுத்தா, அதை வெச்சு இன்னொண்ணைக் கத்துக்கும். படிக்கவே இனிமேதான் கத்துக்கணும்ங்கிற பிள்ளைக்கு அந்தக் கருவி இன்னும் கையில இல்ல. அதுக்கு ஒரு ஆள் வேணும். பக்கத்துல உக்காந்து, வாயைப் பார்த்து, விரலைப் பார்த்து, "இல்லடா, இன்னொரு தடவை சொல்லு"ன்னு சொல்ற ஆள்.

தமிழ்ல இது இன்னும் கொஞ்சம் கூடுதல். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஒரு ஆய்தம், மொத்தம் 247. எல்லாத்தையும் தனித்தனியா மனப்பாடம் பண்ணத் தேவையில்ல, உள்ள ஒரு ஒழுங்கு இருக்கு. 'க'வுக்குக் கால் போட்டா 'கா', கொம்பு போட்டா 'கெ'. ஆனா 'கு', 'சு', 'து'ன்னு உகரத்துக்கு வந்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வளையும். 'கெ'யில கொம்பு முன்னாடி நிக்குது, சத்தமோ பின்னாடி வருது. இந்த இடங்கள்ல எல்லாப் பிள்ளையும் தடுக்கி விழும். விழுந்த அந்த நொடியில ஒருத்தர் திருத்தினா தாண்டிடும். திருத்த ஆள் இல்லேன்னா அந்தத் தப்பே பழக்கமாயிடும், இல்லேன்னா பிள்ளை முயற்சி பண்றதையே விட்டுடும்.

37-ம் அதே மாதிரிதான். இடமதிப்புங்கிறது தானா வர்ற விஷயம் கிடையாது. மனுஷங்க கண்டுபிடிச்சு, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொடுத்து வந்த ஏற்பாடு. அதைப் பிள்ளைக்கும் யாராவது சொல்லிக்கொடுத்தாகணும்.

மூடினது கொஞ்ச நாள், இழப்பு ஏன் பெருசாகுது?

2005 அக்டோபர்ல பாகிஸ்தானோட வடபகுதியில பெரிய நிலநடுக்கம். அங்க பள்ளிகள் சராசரியா 14 வாரம் மூடியிருந்துச்சு. நாலு வருஷம் கழிச்சு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தாங்க. வீடுகள் பெரும்பாலும் திரும்ப எழும்பியிருந்துச்சு. பிள்ளைங்க பள்ளிக்குப் போய்க்கிட்டுதான் இருந்தாங்க. ஆனா நிலப்பிளவுக்குப் பக்கத்துல இருந்த பிள்ளைங்க, தள்ளி இருந்த பிள்ளைங்களைவிடச் சுமார் ஒன்றரை வருஷப் படிப்பு பின்தங்கியிருந்தாங்க.

14 வாரம் மூடினதுக்கு ஒன்றரை வருஷமா? ஆய்வாளர்கள் சந்தேகப்படற காரணம் இது: பள்ளி திரும்பத் திறந்தப்போ, பாடம் பிள்ளை விட்ட இடத்துலேர்ந்து தொடங்கல, புத்தகம் இருந்த இடத்துலேர்ந்து ஓடிருச்சு. ஓடற பஸ்ஸுல ஏற முடியாத மாதிரி, பிள்ளை ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் பின்னாடி போயிடுது.

அதே ஆய்வுல இன்னொரு விஷயமும் இருக்கு, என்னைத் தூங்கவிடாத விஷயம். அம்மா ஆரம்பப் பள்ளியாவது முடிச்சிருந்த வீடுகள்ல இந்தப் பின்னடைவு இல்ல. அதே நிலநடுக்கம், அதே மூடின பள்ளி. வீட்டுல படிச்ச ஒரு ஆள் இருந்ததுதான் வித்தியாசம்.

இப்போ நம்ம மலைக்கு வாங்க. அந்தத் திண்ணையைச் சுத்தி இருந்த பிள்ளைங்கள்ல முக்கால்வாசிப் பேரோட அம்மாக்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காப் போனதில்ல. "வீட்டுலேர்ந்தே படிங்க"ன்னு சொல்றது கேக்க எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும். ஆனா வீடுங்கிறது எல்லாருக்கும் ஒண்ணு கிடையாதே.

தமிழ்நாட்டுக் கணக்கு

தமிழ்நாட்டுல 2020 மார்ச் நடுவுல மூடின தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்துச்சு. 19 மாசத்துக்கும் மேல. 2020 ஜூன்ல ஒண்ணாம் வகுப்பு சேர வேண்டிய பிள்ளை, வாழ்க்கையில முதல் தடவையா வகுப்பறைக்குள்ள காலை வெச்சப்போ அது ரெண்டாம் வகுப்பு. நம்ம 307 பொண்ணு ஒண்ணாம் வகுப்பு முடியறதுக்குள்ள வீட்டுக்குப் போனவ, திரும்பி வந்து உக்காந்தது மூணாம் வகுப்புல.

நடுவுல அரசு எதுவும் செய்யலேன்னு சொல்ல முடியாது. 2019 ஆகஸ்ட்ல தொடங்கின கல்வித் தொலைக்காட்சியில பாடங்கள் வந்துச்சு. டிவி இருக்கிற வீடுகளுக்கு அது ஒரு கை. ஆனா ஆயா சொன்ன பிரச்சினை அதுக்கும் பொருந்தும். டிவிக்கும் காது கேக்காது.

அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன்னு மூணு பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல சுமார் 19,000 பிள்ளைகளை வெச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க. பள்ளிகள் திறந்ததும், 2021 டிசம்பர்ல சோதிச்சுப் பார்த்து, 2019-ல அதே கிராமங்கள்ல அதே வயசுல இருந்த பிள்ளைங்களோட ஒப்பிட்டாங்க. கணக்குல சரிவு 0.73 திட்டவிலக்கம், மொழியில 0.34. திட்டவிலக்கம்ங்கிறதைத் தலையில ஏத்திக்க வேண்டாம். ரெண்டுமே பெரிய சரிவுதான், கணக்குல விழுந்தது மொழியில விழுந்ததைப் போல ரெண்டு மடங்குன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஏன் கணக்கு அதிகமா விழுந்துச்சு? என்னோட புரிதல் இது. வீட்டுல பேச்சு ஓடிக்கிட்டே இருக்கும். கதை, சண்டை, சினிமா, சாமி கும்பிடறது எல்லாமே மொழிதான். எழுதற கணக்கு வீட்டுல தானா நடக்காது. மனக்கணக்கு நடக்கும். 13 ரூபா மீதி வரும். 37-ஐத் தாள்ல எழுத அங்க காரணம் கிடையாது.

அந்த ஆய்வுல நல்ல செய்தியும் இருக்கு. பள்ளி திறந்த ஆறே மாசத்துல அந்த இழப்புல மூணுல ரெண்டு பங்கு திரும்ப வந்துருச்சு. அப்படித் திரும்ப வந்ததுல சுமார் 24 சதவீதம் ஒரு திட்டத்தால வந்ததுன்னு கணக்குப் போட்டிருக்காங்க. இல்லம் தேடிக் கல்வி. 2021 அக்டோபர் 27-ம் தேதி விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கத்துல முதலியார்குப்பத்துல தொடங்கின திட்டம். உள்ளூர்த் தன்னார்வலர்கள், சாயங்கால நேரம், ஒரு மணி, ஒன்றரை மணி நேர வகுப்பு, ஒருத்தருக்குச் சுமார் 20 பிள்ளைங்க. தன்னார்வலருக்கு மாசம் 1,000 ரூபா ஊக்கத்தொகை. இதுல வசதி கம்மியான வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் பலன் கூடுதலாக் கிடைச்சிருக்கு.

யோசிச்சுப் பாருங்க, இதுல பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்ல. தெரிஞ்ச அக்கா ஒருத்தர், தெரு முனையில, தினமும் அதே நேரம்.

சாதாரண போன் போதும்

ஊரடங்குல பக்கத்துல வந்து உக்கார ஆளே வர முடியாதுன்னா என்ன பண்றது? ஆப்பிரிக்காவுல போட்ஸ்வானா நாட்டுல 2020-ல ஒரு சோதனை பண்ணினாங்க. 4,500-க்கும் மேற்பட்ட குடும்பங்கள். ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு வாரம் ஒரு தடவை எஸ்எம்எஸ்ல கணக்கு அனுப்பினாங்க. இன்னொரு பகுதிக்கு எஸ்எம்எஸ்ஸும் அனுப்பி, வாரம் ஒருநாள் 15, 20 நிமிஷம் போன்லயும் பேசினாங்க. ஸ்மார்ட்போன் தேவையில்ல, பட்டன் போன் போதும். பெத்தவங்களையும் லைன்ல வெச்சுக்கிட்டு, பிள்ளையோட அந்தக் கணக்கைச் சேர்ந்து போடுவாங்க.

எஸ்எம்எஸ் மட்டும் வந்த வீடுகள்ல சொல்லிக்கிற மாதிரி மாற்றம் இல்ல. போன்ல பேசின வீடுகள்ல பிள்ளைங்க கணக்குல தெளிவா முன்னேறியிருந்தாங்க. அப்புறம் இதே முறையை இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டான்னு அஞ்சு நாடுகள்ல செஞ்சு பார்த்தப்பவும் போன் பேச்சு பலன் கொடுத்துச்சு. வாரத்துக்கு 20 நிமிஷம்தான், ஆனா அந்தப் பக்கம் காது கேக்கற ஒருத்தர் இருந்தாங்க.

திண்ணைக்குத் திரும்பலாம்

டேப்லெட் கதைக்கு அப்புறம் டீச்சர் அக்கா என்னைத் திட்டல. "இப்போ நான் சொல்றபடி செய்"ன்னு மட்டும் சொன்னாங்க. ஊர்ல ஒன்பதாம் வகுப்பு படிக்கிற ஒரு பொண்ணைக் கூப்பிட்டாங்க. தினமும் சாயங்காலம் ஆடு மாட்டைக் கட்டினதும் அரை மணி நேரம் பிள்ளைங்களோட அந்தத் திண்ணையில உக்காரணும். ஆயாவும் கூட இருப்பாங்க. நாங்க சனிக்கிழமை போவோம். புதன்கிழமை அந்தப் பொண்ணு பாறை மேல ஏறி அக்காவுக்குப் போன் பண்ணும், யாருக்கு எங்க தடுக்குதுன்னு சொல்லும்.

அந்த அரை மணி நேரத்துல என்ன செஞ்சாங்கன்னு விவரமாச் சொல்றேன். உங்க வீட்டுலயும் இது நாளைக்கே உதவும்.

முதல்ல கதை. ஆயா ஒரு கதை சொல்வாங்க. மறுநாள் அதே கதையைப் பிள்ளைங்க திரும்பச் சொல்லணும். நடுவுல, "அப்புறம் என்ன ஆச்சு? ஏன் அப்படிப் பண்ணான்?"னு கேள்வி கேப்பாங்க. எழுத்தே தெரியாத பெரியவங்களும் இதைச் செய்யலாம். கதையைக் கோர்வையாச் சொல்லத் தெரிஞ்ச பிள்ளை, பின்னாடி படிக்கும்போது அர்த்தம் தேடிப் படிக்கும்.

ரெண்டாவது எழுத்து. ஒருநாளைக்கு ரெண்டே எழுத்து. ஆனா பிள்ளைக்குத் தெரிஞ்ச சொல்லுலேர்ந்து எடுக்கணும். அவங்க பேரு, ஆட்டுக்குட்டி பேரு, சாமை, புளி. சொல்லைச் சிலேட்டுல எழுதி, விரல் வெச்சுப் படிச்சு, அழிச்சுட்டுத் திரும்ப எழுதணும். பாட்டு மாதிரி வரிசையா ஒப்பிக்கக் கூடாது, வரிசையைக் கலைச்சுப் போட்டுக் கேக்கணும்.

மூணாவது கணக்கு. இதுலதான் புளியங்கொட்டை வந்துச்சு. மலையில அதுக்குப் பஞ்சமே இல்ல. பத்துப் பத்தா எண்ணி ஒவ்வொரு கொட்டாங்குச்சியில போடணும். முப்பத்தேழு கொட்டையைக் குவிச்சா மூணு கொட்டாங்குச்சி நிறையும், ஏழு வெளிய நிக்கும். மூணு, ஏழு. 37. நம்ம பொண்ணு 307-னு எழுதினதைப் பார்த்து அந்த ஒன்பதாம் வகுப்பு அக்கா, "தப்பு"ன்னு சொல்லவே இல்ல. "முந்நூத்தேழு கொட்டை எண்ணி எடுத்துட்டு வா"ன்னு சொன்னா. பொண்ணு எண்ணிக்கிட்டே போனா, போனா, முப்பது கொட்டாங்குச்சி வேணும்னு புரிஞ்சதும் அவளே சிரிச்சுட்டா. அன்னைக்குச் சரியானது அப்புறம் மாறவே இல்ல.

அதே கொட்டையில பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு அஞ்சு, மொத்தம் எத்தனை? ஆயாவோட அளவைக் கணக்கும் வந்துச்சு, எட்டு ஆழாக்கு ஒரு படி. நாலு படி சாமைக்கு எத்தனை ஆழாக்கு? ஆயா வாயால சொல்வாங்க, பிள்ளைங்க சிலேட்டுல எழுதிக் காட்டணும். வாய்க்கணக்கைத் தாளுக்குக் கொண்டுவர்றதுதான் அங்க நடந்த வேலை.

இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு. யாரும் எந்த வகுப்புன்னு அக்கா பார்க்கல. எழுத்து தெரியாதவங்க ஒரு பக்கம், சொல் படிக்கிறவங்க ஒரு பக்கம், வரி படிக்கிறவங்க ஒரு பக்கம். நாலாவது படிக்கிற பையன் ஒருத்தன் எழுத்துக் கூட்டத்துல இருந்தான், முதல்ல வெக்கப்பட்டான். ரெண்டு மாசத்துல வரிக் கூட்டத்துக்குப் போயிட்டான்.

எல்லாம் சுபம்னு சொல்லி முடிக்கலாம். ஆனா அது உண்மை இல்ல. 2021 மே மாசம் ரெண்டாவது அலை வந்தப்போ நாங்க ஆறு வாரம் மேல போக முடியல. அந்த ஒன்பதாம் வகுப்புப் பொண்ணுக்குக் காய்ச்சல் வந்து திண்ணை நின்னுபோச்சு. திரும்ப ஆரம்பிச்சப்போ பதினாறு பிள்ளைங்கள்ல பத்துப் பேர்தான் வந்தாங்க.

யாருக்காக இதைப் பேசறோம்

307 பொண்ணுக்கு ஒரு அண்ணன், பன்னெண்டு வயசு. நாங்க திண்ணை போட்டது சின்னப் பிள்ளைங்களுக்கு, அதனால அவனை நாங்க யாரும் கூப்பிடல. பெரிய பையன், பாறை ஏறிப் படிச்சுக்குவான்னு நினைச்சோம். அந்த வருஷம் அவன் அப்பாகூடக் கட்டட வேலைக்குப் போனான். 2021 நவம்பர்ல பள்ளி திறந்தப்போ தங்கச்சி போனா, அவன் திரும்பல. அவனுக்கு வரி படிக்கவே தடுமாற்றம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஏழு வயசுல யாரோ பக்கத்துல உக்காராம விட்ட பிள்ளை அவன். ஊரடங்குல அது வெளிய தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

படிப்பு விட்டுப்போற பையன்களுக்கு இந்த மலையில என்னென்ன வழி காத்திருக்குன்னு நமக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7-ம் தேதி ஆந்திராவுல சேஷாசலம் காட்டுல, செம்மரம் வெட்டப் போனவங்கன்னு சொல்லி 20 பேரைச் சுட்டுக் கொன்னாங்க. அதுல ஜவ்வாது மலைக்காரங்களும் இருந்தாங்க. ஒரு பிள்ளை மூணாம் வகுப்புல வரி படிக்குதா இல்லையாங்கிறது சின்ன விஷயமாத் தெரியும். பத்து வருஷம் கழிச்சு அது எந்த வண்டியில ஏறுதுங்கிறதோட அந்தச் சின்ன விஷயத்துக்குச் சம்பந்தம் இருக்கு.

பள்ளி மூடறது இனிமே நடக்காதுன்னும் நினைக்காதீங்க. சென்னையில 2015 வெள்ளத்துக்கும் 2023 மிக்ஜாம் புயலுக்கும் மூடினாங்க. டெல்லியில காத்து மாசுக்கே மூடறாங்க. அடுத்த தடவை உங்க அக்கா பையன், பக்கத்து வீட்டுப் பாப்பா, அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணனோட பொண்ணு, யாராவது வீட்டுல இருப்பாங்க. ஆப் எதைப் போடலாம்னு தேடறதுக்கு முன்னாடி, அரை மணி நேரம் யாரு உக்காரப் போறாங்கன்னு முடிவு பண்ணுங்க. தினமும் அதே நேரமா இருக்கணும். பிள்ளை இருக்கிற இடத்துலேர்ந்து தொடங்குங்க, வகுப்பைப் பார்க்காதீங்க. கதை, ரெண்டு எழுத்து, கொஞ்சம் கொட்டை. தூரத்துல இருந்தா வாரம் 20 நிமிஷம் போன். வீடியோ போடலாம், தப்பில்ல. ஆனா முடிஞ்சதும், "என்ன பார்த்தே, எனக்குச் சொல்லு"ன்னு கேக்க ஒரு ஆள் இருக்கணும்.

பள்ளி திறந்ததுக்கு அப்புறமும் நிறுத்திடாதீங்க. பாகிஸ்தான் கதை ஞாபகம் இருக்கில்ல? உண்மையான ஆபத்து திறந்த மறுநாள்தான் ஆரம்பிக்குது.

அந்த டேப்லெட் இன்னும் என்கிட்ட இருக்கு. 307 பொண்ணு இப்போ பெரிய வகுப்பு. போன தடவை போனப்போ திண்ணையில அவ தன் சித்தி பையனுக்குக் கொட்டாங்குச்சி எடுத்து வெச்சுக்கிட்டிருந்தா. பக்கத்துல போய் உக்காந்தேன். "அண்ணா, சத்தம் போடாதீங்க, எண்ணிக்கிட்டிருக்கான்"னு சொல்லிட்டா. நானும் சரின்னு வாயை மூடிக்கிட்டேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். உங்க வீட்டுத் திண்ணைக் கதைகள் இருந்தா குரல் பதிவா அனுப்புங்க, கேக்கறேன்.